பச்சைச் சீட்டின் பின்பக்கம்

கையால் அடிக்காமல், வாயால் ஒரு கெட்ட வார்த்தை பேசாமல், நாற்பது பெண்கள் வேலை பார்க்கிற லைனிலிருந்து ஒரு சூப்பர்வைசரைக் கிளப்பிவிட்டவள் மெர்சி. அதுவும் கம்பெனிக்குள் கால் வைக்காமல். அந்தக் காலத்தில் எங்களோடு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்த யாரிடமாவது இன்றைக்குப் போய் மெர்சி என்று சொல்லிப் பாருங்கள், முதலில் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கொஞ்ச நேரத்துக்கு.

என் பெயர் ரமீஸா. பழவேற்காட்டுக்காரி. 2004 மார்ச்சில் மெர்சியும் நானும் ஒரே நாளில் அந்தக் கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்தோம். காருக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து அனுப்புகிற கம்பெனி. மூன்று வருஷம் ட்ரெய்னிங். முடிகிற அன்று ஒரு கவர் கொடுப்பார்கள். உள்ளே நிரந்தர ஆர்டர் இருக்கலாம், "பயிற்சி நிறைவுற்றது, நன்றி" என்றும் இருக்கலாம். மூன்று வருஷமும் எங்களுக்கு அந்தக் கவர் நினைப்புதான்.

மெர்சிக்கு அது கொஞ்சம் கூடுதல். அவள் அப்பா ஆசீர்வாதம் கவரைப்பேட்டை பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். நிலமெல்லாம் கம்பெனியானதும் ஒரு இரும்பு ஆலையில் லோடு ஏற்றப் போனார். பதினாலு வருஷம் கான்ட்ராக்ட். கழுத்தில் மாட்டுகிற போட்டோ கார்டு அவருக்குக் கிடையாது. மாதாமாதம் புதுப்பிக்கிற காகிதப் பாஸ்தான். மழையில் நனைந்தால் அதுவும் கூழ். "எங்க ஊட்ல ஒருத்தராவது கார்டு மாட்டிக்கினு போவணும்டி. எங்கப்பா அத்த பாக்கணும்" என்பாள் மெர்சி. வேறு ஆசை எதையும் அவள் என்னிடம் சொன்னதில்லை.

ஆள் ஒல்லி. சோடாபுட்டிக் கண்ணாடி. யாராவது முறைத்தால் திருப்பி முறைக்க மாட்டாள், குறித்து வைத்துக்கொள்வாள். சேர்ந்த புதிதில் கேன்டீனில் ஒருத்தி அவள் டிபன் பாக்ஸைப் பார்த்து மூக்கைப் பிடித்தாள். எட்டு மாதம் கழித்து, மூக்கைப் பிடித்தவள் வீட்டு விசேஷத்துக்கு எல்லோரும் போனபோது மெர்சி மட்டும் பந்தியில் உட்கார்ந்து, கையை நனைக்காமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். எட்டு மாதம்! எனக்கெல்லாம் கோபம் வந்தால் எட்டு நிமிஷம் தாங்காது.

அவளுக்குப் படிப்புப் பைத்தியம். 2006 ஆடி மாதம், பொன்னேரியில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டிருந்த தடிப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அட்டை இல்லை, எழுதியவர் பெயர் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் மேலே மட்டும் "ஏழு தாழ்க் கோட்டை" என்று அச்சடித்திருந்தது. மாயாஜாலக் கதை. தூங்காத அரசன் ஒருவன். அவன் கோட்டைக்கு ஏழு தாழ்ப்பாள். எந்தத் தாழும் சாவியால் திறக்காது. திறக்கிறவர் எதையாவது இழக்க வேண்டும். உள்ளே அடைபட்ட தங்கையைத் தேடி, விளக்கேற்றுகிற பெண் ஒருத்தி ஒவ்வொரு தாழாகத் திறந்துகொண்டு போகிறாள்.

லைனில் பேசக் கூடாது, படிக்கக் கூடாது, செல்போன் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆனால் ட்ரே நகரும். மெர்சி மேசையில்தான் வயர் முனைகளைப் பிளாஸ்டிக் கனெக்டருக்குள் சொருகுவார்கள். அங்கிருந்து ட்ரே டேப் சுற்றுகிறவர்களிடம் போகும், பிறகு செக்கிங், கடைசியில் பேக்கிங். பேக்கிங் மேசையில் நான். சரி பார்த்த பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைச் சீட்டு கட்டுவோம், உள்ளங்கை அகலம். அச்சு கோணலாக விழுந்த சீட்டுகளைக் குப்பையில் போடுவார்கள். மெர்சி அதைப் பொறுக்கி வைத்துக்கொண்டாள். வீட்டில் படித்ததில் நாலு வரியைச் சீட்டின் பின்பக்கம் எழுதுவாள். காலை முதல் ட்ரேயில் வயருக்கு அடியில் வைத்து அனுப்புவாள்.

முதல் சீட்டு இன்னும் எனக்கு மனப்பாடம்.

"மூன்றாம் தாழைத் தொட்டவள் தன் பெயரை மறந்தாள். பெயர் இருந்த இடத்தில் ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. அதன் பிறகு யார் அவளை அழைத்தாலும் அந்தப் பறவைதான் திரும்பிப் பார்த்தது."

அவ்வளவுதான். அடுத்து என்ன என்று கிடையாது. அன்றைக்குக் கேன்டீனில் சாம்பாரா ரசமா என்று யாரும் பார்க்கவில்லை. பெயர் போனால் கார்டில் என்ன போடுவான், சம்பளம் யாருக்குப் போகும் என்று ஒரே ரகளை. டேப் சுற்றுகிற ரோசம்மாள் அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "எனுக்கு மட்டும் ரெண்டு ட்ரே நேரம் குடுங்கடி. நான் இன்னா உங்கள மாரி பன்னண்டாவதா?" என்று சண்டை போட்டு வாங்கினாள். ஒரு புத்தகத்தை எந்த இடத்தில் நறுக்கினால் நாற்பது பேர் வயிற்றில் புளியைக் கரைக்கும் என்பது மெர்சிக்குத் தெரிந்திருந்தது. புத்தகத்தைக் கேட்டால் தர மாட்டாள். "முழுசாத் தின்னா ஜீரணம் ஆவாது. சீட்டு வரும், படி" என்பாள்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. சீட்டு கடைசியாக என்னிடம் வரும். நான் படித்துவிட்டு எட்டாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். முதல் பத்து நாள் அப்படித்தான் செய்தேன். பதினொன்றாம் நாள் என் தோளுக்கு மேலே ஒரு கை நீண்டது.

"இன்னாமா அது? குடு."

சூப்பர்வைசர் துளசிராமன். இடுப்பில் சாவிக்கொத்து, யோசிக்கும்போது இடது காது மடலை நீவி நீவி விடுகிற பழக்கம். மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனசு வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவன் நின்றபடியே படித்தான். இன்னொரு தரம் படித்தான். காதை நீவினான்.

"இதுக்கு முன்னாடி இன்னா ஆச்சி?" என்றான்.

அன்றிலிருந்து ஷிஃப்ட் முடிவதற்கு அரைமணி நேரம் முன்னால் என் மேசைக்கு வந்து கையை நீட்டுவான். நான் சீட்டைக் கொடுப்பேன். படித்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். சனிக்கிழமை இரண்டு சீட்டு வேண்டும் என்பான், ஞாயிறு லீவாம். ஒரு நாள் மெர்சியிடமே போய், "ஏம்மா, அந்தப் பறவ திரும்பி வருமா, வராதா? அத்த மட்டும் சொல்லு. ராத்திரி தூக்கமே புட்சிக்கல" என்று கெஞ்சினான். மெர்சி சிரித்தாள். சூப்பர்வைசரே படிக்கிறான், இனி என்ன பயம் என்று நாங்களும் தைரியமாக இருந்தோம். எங்கள் புத்தி அப்படி.

2007 ஜனவரி கடைசி. கவருக்கு இன்னும் இரண்டே மாதம். மாதக் கடைசி என்றால் லோடு அனுப்புகிற அவசரத்தில் செக்கிங், டேப்பிங் என்று பார்க்காமல் எல்லோரையும் பேக்கிங்குக்கு இழுத்து விடுவார்கள். அன்றைக்கு ஏழெட்டுப் பேர் என் மேசையைச் சுற்றி. துளசிராமன் லாரிக்கும் ஆபீசுக்கும் ஓடிக்கொண்டிருந்தான், சீட்டு வாங்க வரவில்லை. சீட்டு என் ஏப்ரன் பையில் கிடந்தது. கட்ட வேண்டிய நல்ல சீட்டுகளும் அதே பையில். கையை விட்டு எடுத்து எடுத்துக் கட்டினேன். வீட்டுக்குப் போய் ஏப்ரனைத் துவைக்கப் போடும்போதுதான் பையைத் தடவிப் பார்த்தேன். காலி.

பெட்டி ஶ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனிக்குப் போய்விட்டது. அங்கே பெட்டியை உடைக்கிற ஆள் சீட்டை அவிழ்த்துத் திருப்பியிருக்கிறார். அன்றைய சீட்டு இதுதான்.

"இந்தப் பெட்டியைத் திறக்கிறவன் கை மூன்றாம் நாள் மணிக்கட்டோடு உதிரும். ஐயமிருந்தால் உனக்கு முன் திறந்தவனைக் கேள். அவனுக்கு இப்போது வேறொருவர்தான் சோறு ஊட்டுகிறார்."

அந்த ஆள் பெட்டியைக் கீழே போட்டுவிட்டார். பக்கத்தில் இருந்தவரும் தொட மாட்டேன் என்றார். இன்னொருவர் எலுமிச்சம்பழம் வாங்க ஆள் அனுப்பினாராம். வயர் போகாமல் அவர்கள் லைன் இருபது நிமிஷம் நின்றது. கார் கம்பெனியில் லைன் இருபது நிமிஷம் நின்றால் எத்தனை பேர் தலை உருளும் என்று அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை மேனேஜர் வீரராகவன் எங்கள் எல்லோரையும் லைனில் நிற்க வைத்தார். கையில் அந்தச் சீட்டு. "யார் எழுதினது? யார் கட்டினது?"

துளசிராமன் முன்னால் வந்தான். அவன் கையில் ஒரு ரப்பர் பேண்ட் போட்ட கட்டு. ஆறு மாதச் சீட்டு. தேதி போட்டு அடுக்கி வைத்திருந்தான் பாவி. "எழுத்து மெர்சியோடது சார். ரொம்ப நாளா சந்தேகம். குப்பத் தொட்டில இருந்து ஒவ்வொண்ணாப் பொறுக்கி வெச்சேன். மத்தபடி எனக்கு இதப் பத்தி ஒண்ணுமே தெரியாது சார்" என்றான்.

பறவை திரும்பி வருமா என்று கெஞ்சிய அதே வாய்.

மெர்சி மறுக்கவில்லை. "எழுதினது நான்தான் சார். படிக்கப் புடிக்கும், எழுதினேன். இவரும்தான்..." என்று ஆரம்பித்தவள், துளசிராமன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "கட்டினது யாரு?" என்றார் மேனேஜர். "தெரியாது சார். சீட்டுக் குவியல்ல கலந்துபோயிருக்கும்" என்றாள் மெர்சி.

என்னிடம்தான் சீட்டு கடைசியாக வரும் என்பது அங்கே நின்ற நாற்பது பேருக்கும் தெரியும். ஒரு அடி முன்னால் வைத்து "நான்தான் சார், தெரியாமக் கட்டிட்டேன்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லவில்லை. எனக்கும் அந்தக் கவர் வேண்டியிருந்தது. வேலை போனால் மறுநாளே ஷாகிர் மாமா கொண்டுவந்த சம்பந்தத்துக்கு உம்மா என்னைத் தலையாட்டச் சொல்லும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன்.

மெர்சியை அப்போதே அனுப்பினார்கள். டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள். போகும்போது மூன்று தரம் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் போய்வருகிறேன் என்று சொல்கிறாள் என நினைத்துக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

மார்ச்சில் என் கவர் வந்தது. நிரந்தர ஆர்டர். போட்டோ கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். கவரைப்பேட்டையில் பஸ் நிற்கும்போது ஆசீர்வாதம் ரோட்டோரமாக ஆலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

என்னால் என்னைத் திட்டிக்கொள்ள முடியவில்லை, அதனால் துளசிராமனைத் திட்டினேன். காலையில் பல் விளக்கும்போதே ஆரம்பித்துவிடுவேன். அவன் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் டீயில் பல்லி விழ வேண்டும், படியில் உருள வேண்டும் என்றெல்லாம் வேண்டியிருக்கிறேன்.

ஏப்ரலில் வீட்டுக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. மெர்சி எழுத்து. திருவள்ளூரில் அக்கா வீட்டில் இருக்கிறாளாம், பக்கத்தில் காக்களூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிற இடத்தில் தினக்கூலி. "புத்தகம் 'முதல் பாகம் முற்றும்' என்று முடிந்துவிட்டது. இங்கே எனக்கு இரண்டாம் பாகம் கிடைத்துவிட்டது. கீழே எழுதியிருப்பதை எல்லோருக்கும் காட்டு. முக்கியமாக அவருக்கு."

கீழே இப்படி இருந்தது.

"கோட்டைக்குப் புதிதாக ஒருவன் வந்தான். பெயர் சாவிக்கொத்தன். எந்தத் தாழும் சாவியால் திறக்காத கோட்டையில் அவன் மட்டும் இடுப்பு நிறையச் சாவி தொங்கவிட்டிருந்தான். இடது காது மடலை நீவியபடியே இருப்பான். எவர் ரகசியமும் முதலில் அந்தக் காதுக்குள் போகும், பிறகு அரசன் மேசைக்குப் போகும்."

பெண்கள் படித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தோம். ரோசம்மாள் அக்கா எழுத்துக் கூட்டி முடித்துவிட்டு, "அடிப்பாவி, அப்பிடியே இருக்கான்டி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். புத்தகத்தில் அப்படி ஒருவன் இருப்பது எங்களுக்குத் தெய்வச் செயலாகத் தெரிந்தது. மெர்சியே எழுதியிருப்பாள் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. புத்தகத்தில் வந்தது என்றால் வந்ததுதான், அப்படி ஒரு நம்பிக்கை.

லெட்டரை என் மேசை ஓரத்தில், கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். மூன்று மாதம் பட்டினி கிடந்தவன், அள்ளிக்கொண்டு போனான். மறுநாள் முகம் சுண்டிப்போயிருந்தது. ஆனால் மறுவாரம் என் மேசைப் பக்கம் வந்து, "வேற லெட்டர் வந்துதா?" என்று கேட்டான். வெட்கம் கெட்டவன்! காதை நீவக் கை போகும், பாதியில் நினைவு வந்து இறக்கிக்கொள்வான். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

வாரம் ஒரு லெட்டர் வந்தது. ஒன்றில் சாவிக்கொத்தனின் நிழல் அவனை விட்டுவிட்டு வேறு ஆளோடு போனது. இன்னொன்றில் அவன் சாப்பிட்ட உப்பெல்லாம் நாக்கில் மண்ணானது. மே கடைசியில் வந்ததுதான் முக்கியமானது.

"ஐந்தாம் தாழ் திறந்தபோது சாவிக்கொத்தன் தன் குரலை இழந்தான். குரல் அவனுக்குக் கேட்டது. மற்றவர் எவருக்கும் கேட்கவில்லை. அவன் கத்தினான். கோட்டையில் அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்."

கேன்டீனில் அதைப் படித்தோம். யாரும் திட்டம் போடவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சாப்பிட்டு முடித்து லைனுக்கு வந்தோம். துளசிராமன், "சீக்கிரம், சீக்கிரம்" என்றான். ஒருத்தி கூட நிமிரவில்லை. "ரோசம்மா, அந்த டேப்ப இங்க எடு" என்றான். ரோசம்மாள் அக்கா ட்ரேயை ஒழுங்காக நகர்த்திவிட்டு அடுத்த கட்டைக் கையில் எடுத்தாள்.

அன்றிலிருந்து அவன் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை. வேலை ஒரு கட்டுகூடக் குறையவில்லை, அதில்தான் சூட்சுமம். மேனேஜர் பேசினால் கேட்கும், பக்கத்து லைன் சூப்பர்வைசர் பேசினால் கேட்கும், சங்கு ஊதினால் கேட்கும். இவன் மட்டும் வாயை வாயை அசைப்பான். கத்திப் பார்த்தான். மேசையைத் தட்டிப் பார்த்தான். யாரிடம் போய் என்ன என்று புகார் சொல்வது? பெண்கள் என் பேச்சைக் கேட்கிற மாதிரி இல்லை என்றால், உனக்கு லைன் நடத்தத் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்.

ஜூன் மாதம் ஒரு நாள் காலை, மாடல் மாற்றச் சொன்னான். வேறு காருக்கு வேறு வயர். வாயால்தான் சொன்னான், எழுத்தில் கொடுக்கவில்லை. நாங்கள் பழைய மாடலையே செய்தோம். மதியத்துக்குள் இருநூறு கட்டு. வீரராகவன் குதித்துக்கொண்டு வந்தார். "மாடல் மாத்தச் சொன்னாரா இல்லியா?"

ரோசம்மாள் அக்கா கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "எங்களுக்கு இதப் பத்தி ஒண்ணுமே தெரியாது சார்."

அவன் சொன்ன அதே வார்த்தை. வரிசையாக நாற்பது பேரும் அதையே சொன்னோம்.

அடுத்த வாரம் அவன் நேராக என் மேசைக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. "திருவள்ளூர் லைப்ரரில எனுக்குத் தெரிஞ்சவரு கீறாரு. கேட்டேன். அந்தக் கதைக்கு ரெண்டாம் பாகமே கெடையாதாம். எழுதினவரு மொதப் பாகத்தோட செத்துப் பூட்டாராம். அப்ப இதெல்லாம் எழுதினது யாரு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் குனிந்து பச்சைச் சீட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"உன்னத்தான்மா கேக்கறேன்! நான் மட்டும்தான் கெட்டவனா? அன்னிக்கிப் பொட்டில சீட்டக் கட்டினது நீதான. கடைசிச் சீட்டு உன்னாண்டதான் இருக்கும்னு எனுக்குத் தெரியாதா? நீ வாயத் தொறந்திருந்தா அவ மேல பாதிதான் வந்திருக்கும். கார்டு மாட்டிக்கினு ஒக்காந்துக்கினு கீற, நீ என்னியப் பழி வாங்கறியா?"

அத்தனை பெரிய குரலில் சொன்னான். லைன் முழுக்கக் கேட்டிருக்கும். நான் மெல்ல நிமிர்ந்து பார்த்தேன். ரோசம்மாள் அக்கா டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். செக்கிங் மேசையில் வயரை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் திரும்பவில்லை. அவன் குரல்தான் யாருக்கும் கேட்காதே. நானும் குனிந்து அடுத்த பெட்டியை எடுத்தேன்.

அன்று பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. தற்செயலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலையில் அவனைப் பின்னாலிருந்த ஸ்கிராப் ஷெட்டுக்கு மாற்றினார்கள். உடைந்த ட்ரேக்களுக்கும் வெட்டிப்போட்ட வயர்களுக்கும் சூப்பர்வைசர். இரண்டு மாதம் கூடத் தாங்கவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டுப் பள்ளிப்பட்டுக்குப் போய்விட்டான், மச்சான் உரக்கடைக்கு. அவன் போன அன்று கேன்டீனில் யாரோ ஒரு கிலோ மிக்சர் வாங்கி வந்தார்கள். நான் இரண்டு கை அள்ளினேன்.

அடுத்த ஞாயிறு மிக்சர் பொட்டலத்தோடு திருவள்ளூருக்குப் போனேன். மெர்சியிடம் நேரில் சொல்ல வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். மெர்சி கறுத்து, இன்னும் இளைத்திருந்தாள். பிளாஸ்டிக் சூடு பட்டு விரல் நுனியெல்லாம் கொப்புளம். எல்லாவற்றையும் சொன்னேன். இருநூறு கட்டு, ரோசம்மாள் அக்கா சொன்ன வார்த்தை, ஸ்கிராப் ஷெட், உரக்கடை. அவள் ரசித்துக் கேட்டாள். சிரித்தாள். "குரல் கேக்கலன்னு நெஜமாவே பண்ணீங்களாடி? நான் சும்மா எழுதினேன்" என்று கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் கடைசியாக என்னிடம் கத்தியதை மட்டும் நான் சொல்லவில்லை.

"ரெண்டாம் பாகம்?" என்று கேட்டேன்.

"எல்லாம் என் கைவரிச தான். ஆறு மாசம் யாரோ எழுதினத நறுக்கினேன் இல்ல, ஒட்டவும் வந்துடுச்சி."

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு போட்டாள். அப்பா எப்படி என்று கேட்டேன். அதே ஆலை, அதே காகிதப் பாஸ் என்றாள். கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக என் கையில் எதையோ வைத்தாள். அச்சு கோணலாக விழுந்த ஒரு பச்சைச் சீட்டு. எங்கள் கம்பெனியுடையது, இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறாள்.

"கதையோட கடைசி இது. யாருக்கும் காட்டாத. ஒனக்கு மட்டும்தான்" என்றாள்.

பஸ் ஊரைத் தாண்டியதும் திருப்பிப் படித்தேன்.

"சாபத்தைப் பெட்டியில் கட்டியவள் வேறொருத்தி. தோழியைக் கோட்டையிலிருந்து வெளியேற்றியபோது அவள் பேசாமல் நின்றாள். இப்போதாவது சொல்வாளா என்று தோழி வாசல்வரை மூன்று முறை திரும்பிப் பார்த்தாள். அவள் கையசைத்தாள். அவளுக்கு எந்தத் தண்டனையும் வரவில்லை. கோட்டையிலேயே இருந்தாள், நாள்தோறும் பெட்டி கட்டினாள். ஒவ்வொரு சீட்டையும் கட்டும் முன் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்."

அதற்குப் பிறகு மெர்சியிடமிருந்து லெட்டர் வரவில்லை. நான் எழுதிய மூன்றுக்கும் பதில் இல்லை. அக்கா வீட்டையும் காலி செய்துவிட்டதாகச் சொன்னார்கள்.

நான் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன், அதே பேக்கிங் மேசை. இப்போது சூப்பர்வைசராக இருக்கிற பெண் கெட்டிக்காரி. போன வாரம் என் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன்க்கா ஒவ்வொரு சீட்டையும் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க? பின்னாடி ஒண்ணும் இல்லியே. கவுன்ட் கொறையுது" என்றாள்.

எனக்குக் கேட்காத மாதிரி அடுத்த சீட்டை எடுத்துத் திருப்பினேன்.